ஏழு மில்லிமீட்டர்

சொகார் துறைமுகத்தில் என் வேலை
கடலின் ஆழம் சொல்வது.
தூர்வாரும் கப்பல் தோண்டிப் போன தடத்தில்
எங்கள் சின்னப் படகு பின்னால் போகும்.
திரையில் விழும் எண்ணை நான் வாசிப்பேன்,
ஷாஹின் எழுதுவான்.
பதினாறு புள்ளி இரண்டு. பதினாறு. பதினைந்து புள்ளி எட்டு.
எண் குறைந்தால் கப்பல் தட்டும்.
ஆழம் என்றாலே நல்லது என்று
பதினொரு வருடம் நினைத்திருந்தேன்.

"மிஸ்டர் பிச்சாய்" என்று கூப்பிட்டார்கள்.
பிச்சைக்கனியில் பாதியை
எந்த அலுவலகக் கணினியோ
எப்போதோ தின்றுவிட்டது.
எழுந்து போனேன்.

நாற்காலி சாய்ந்தது.
டாக்டர் ஹனான், கெய்ரோக்காரர்,
பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே
கோடு போட்ட கம்பி ஒன்றை இறக்கினார்.
அவர் சொல்லச் சொல்ல
ஜோய்ஸ் என்கிற பிலிப்பைன்ஸ் பெண் எழுதினாள்.
நாலு. ஆறு. ஏழு. ஆறு. ஏழு.
அடப்பாவிகளா,
என் வேலையை என் வாய்க்குள்ளேயே செய்கிறார்கள்.
என்ன, இங்கே எண் கூடினால்தான் தரை தட்டும்.

"இதெல்லாம் பாக்கெட்" என்றார்.
என் கை தானாகச் சட்டைக்குப் போனது.
"ஆமாம், அந்தப் பாக்கெட்டும்தான்."

ரத்தமே வந்ததில்லையே டாக்டர் என்றேன்,
கொஞ்சம் பெருமையாகவே.
அதுதான் பயம் என்றார்.
புகை உங்கள் ஈறின் ரத்தக் குழாய்களைச்
சுருக்கி வைத்திருக்கிறது.
வீடு எரிகிறது,
கத்த வருகிறவனின் வாயைப்
பொத்தியிருக்கிறது.

கம்பெனி இன்சூரன்ஸுக்குப் பல் என்பது உடம்பில் சேர்த்தியில்லை.
ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் செய்ய
நாலு தடவை வரணும், நாலு தடவை ரியால்.
பிடித்துக்கொண்டே செய்தால் ஈறு சரியாக ஆறாது,
பாதிக் காசு கடலில் என்றார்.
(என் வேலை அவருக்குத் தெரியாது.
கடல் என்று வந்தது தற்செயல்.)

விட்டேன்.
ஒரே சொல்லில் எழுதிவிட்டேன்,
அதற்குள் மூன்று தோல்வி இருக்கிறது.
கேம்புக்குப் பின்னால், தண்ணீர் டேங்க் நிழலில்,
ஒரே தீக்குச்சிக்கு மூன்று நாட்டுக்காரர்கள்
தலை குனிந்து நிற்போம்.
அந்த நிழலையும் சேர்த்து விட வேண்டியிருந்தது.
மற்றபடி யாரிடம் பேசுவது, எங்கே நின்று?

பன்னிரண்டாம் நாள் காலை
வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு.
பிடித்தபோது வராத ரத்தம்
விட்டபிறகு வருகிறது.
"ஒண்ணு பிடி, நின்னுடும்" என்றான் ஷாஹின்,
அவனுடைய இந்தியில், நிஜமான அக்கறையோடு.
கொஞ்ச நாளில் நின்றும் இருக்கும்.
அதுதான் விஷயமே.

படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன்.
பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்று வந்தது.
ரத்தத்துக்குக் கட்டைவிரலா என்று
நான் பல்லைக் கடிப்பதற்குள் (கடிக்கக் கூடாது)
கீழே இன்னொரு வரி:
ஈறுக்கு உயிர் வருகிறது. மெதுவாகத் தேயுங்கள், நிறுத்தாதீர்கள்.
அடுத்த வாரம் வாருங்கள், நேரில் பார்க்கிறேன்.

நாலு தடவையும் முடிந்து
மூன்றாம் மாதம் மறுபடி கம்பி.
மூணு. நாலு. மூணு. நாலு.
இந்த முறை வலித்தது.
ஜோய்ஸின் பேனா வேகமாகப் போனது.
வலது கடைவாயில் மட்டும்
டாக்டரின் குரல் இறங்கியது.
ஏழு.
விரலால் அசைத்தார்.
பல் சொன்ன பேச்சு கேட்டது.
"பார்ப்போம்" என்றார்.
எந்த மொழியில் சொன்னாலும்
அந்தச் சொல்லின் ஆழம் எனக்குத் தெரியும்.

இன்று படகில் அலை கூடுதல்.
ஷாஹின் பழக்கத்தில் பாக்கெட்டை நீட்டினான்,
நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டான்.
காற்று என் பக்கம் வராத மூலைக்குப் போய்ப்
பற்றவைத்தான். நல்லவன்.
வாசனை எப்படியும் வந்தது.
வேண்டும் போல இருந்தது,
இல்லை என்று எழுதினால் பொய்.
நாக்கால் அந்தப் பல்லைத் தள்ளிப் பார்த்தேன்.
திரையில் எண் மாறியது.
பதினாறு புள்ளி ஒன்று என்றேன், சத்தமாக.
மற்றக் கையால் எழுதினான்.